கொட்டாம்பட்டியில் ஒரு காற்றுச் சோதனை

என் மனைவிக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்த அதே வாரத்தில் நான் கார் வாங்கினேன். அவள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். இருபத்திரண்டு வருடம் ஊசி போட்டுக் கிடைத்த பதவி உயர்வு, வரும்போது மாற்றலையும் கூடவே கூட்டிவந்தது. நான் விளாங்குடி மெயின் ரோட்டில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சீலிங் ஃபேன், மிக்சி, கிணற்று மோட்டார், எது எரிந்துபோனாலும் என் மேஜைக்கு வரும். கடையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போக முடியாது. அவள் அங்கே ஒரு சின்ன வீடு எடுத்துக்கொள்வது, நான் வாராவாரம் காரில் போய் நிற்பது என்று முடிவு செய்தோம். செய்தோம் என்பது சும்மா மரியாதைக்கு. "எதுக்குங்க காரு? மாட்டுத்தாவணியில அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ் கிளம்புது" என்றுதான் அவள் சொன்னாள்.

நான் கேட்கவில்லை. வாங்கியது பேட்டரி கார், இரண்டாம் கை. மோட்டாரையே பிழைப்பாக வைத்திருப்பவன் பெட்ரோல் வண்டி வாங்கினால் நன்றாகவா இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. தெருவில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "இனி வாராவாரம் திருச்சிதான்" என்று சொல்லிவைத்தேன். பிறகு வந்த கஷ்டங்களுக்கெல்லாம் அந்த லட்டுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றினால் ஹைவேயில் நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடும். விளாங்குடியிலிருந்து அவள் வீட்டு வாசல் நூற்று நாற்பது. முப்பது கிலோமீட்டர் துண்டு விழுந்தது. வழியில் சார்ஜ் போடும் இடங்கள் உண்டு. நான் போகும்போது ஒன்றில் வேலை நடக்கும், இன்னொன்றில் எனக்கு முன்னால் நாலு வண்டி நிற்கும். ராசி அப்படி.

முதல் பயணத்தில் விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் மீட்டரில் ஓர் ஆமைப் படம் வந்தது. இனி மெதுவாகத்தான் போவேன் என்று வண்டி சொல்லும் விதம் அது. பத்து நிமிடத்தில் ஆமையும் நின்றுவிட்டது. ஒரு பஞ்சர் கடைக்காரர் மனது வைத்து பிளக் கொடுத்தார். மூன்று மணி நேரம் அவர் கடை டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவன் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் கறிக்குழம்பை மூன்றாம் தடவையாகச் சூடு பண்ணிப் போட்டாள். வண்டியைத் திரும்பச் சார்ஜ் ஏற்றவே பொழுது சரியாகப் போனது. "அடுத்த வாரம் பேசாம பஸ்ல வாங்க" என்றாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். நியாயமான மனிதன் போயிருப்பான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் பை வைத்துக்கொண்டு நான் நிற்பதை என் தெரு பார்க்கும். "எங்க அண்ணே, காரு எங்க?" என்று ஒருவர் விடாமல் கேட்பார்கள். வறட்டு கௌரவம் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம், அதை நான் பல வருடம் வளர்த்திருக்கிறேன். அதனால் நான் போகவில்லை. அவள் வந்தாள். வியாழக்கிழமைதான் அவளுக்கு வார ஓய்வு. புதன் சாயங்காலம் டியூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறுவாள், வியாழன் பூராவும் துவைப்பாள், சமைப்பாள், நான் போட்டது போட்டபடி வைத்திருக்கும் வீட்டை ஒழுங்கு பண்ணுவாள், வெள்ளி விடியற்காலையில் திரும்ப பஸ். மாட்டுத்தாவணியிலிருந்து அவளைக் கூட்டிவரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் மட்டும் கார் நன்றாகப் பயன்பட்டது.

மாதங்கள் போகப் போக அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். எனக்கு அது உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது. அந்த முப்பது கிலோமீட்டரை எப்படியாவது வண்டியிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவள் ஓய்வு நாளில் திருச்சியிலேயே படுத்துத் தூங்குவாள், நான் போய் வந்துகொண்டிருப்பேன். நான் செய்த கூத்தெல்லாம் இதற்காகத்தான்.

புதுப் பேட்டரி மாற்றுவது நடக்கிற காரியமில்லை. மிச்சம் இருந்தது காற்று. ஹைவேயில் ஒரு வண்டி செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் ஃபேன் ரிப்பேர் செய்தவனுக்குக் காற்றைப் பற்றி யார் என்ன சொல்லித்தர வேண்டும்? காற்று ஒரு சோம்பேறி. வழவழவென்று வழி விட்டால் சத்தமில்லாமல் போய்விடும். மேடு, பள்ளம், திடீர் வெட்டு என்று எதையாவது காட்டினால் அங்கேயே சுழன்று கிடக்கும், நம்மையும் பிடித்து இழுக்கும். ஆகவே வண்டியை வழவழப்பாக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

என் கடைக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் போர்டு கடை. அதன் முதலாளி என் நண்பன். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுடையது சௌராஷ்டிரக் குடும்பம். என் முன்னாலேயே போனில் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் என்னைப் பற்றிப் பேசுவான். என்ன பேசுகிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, சிரிப்பு மட்டும் புரியும். விஷயத்தைச் சொன்னதும் அவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"நாப்பதுல மெதுவா உருட்டிக்கிட்டுப் போனாத் திருச்சி போயிருமா போகாதா?"

"போயிரும்."

"அப்புறம் என்ன மாப்ள?"

நாற்பதில் போய்ப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். மேலூர் தாண்டுவதற்குள் ஒரு டிராக்டர் என்னை முந்திப் போனது. டிரெய்லரில் காதுகுத்துக்குப் போகிற கூட்டம். அதிலிருந்த பெண்கள் எனக்குக் கை காட்டினார்கள், அப்படியே வண்டியை ஊருக்குத் திருப்பிவிட்டேன். அவன் எழுந்து என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான்.

அவன் கடையில் மிச்சம் விழாத நாளில்லை. மதுரையில் ஒரு காதுகுத்து என்றால் பத்து ஃபிளெக்ஸாவது வைப்பார்கள். தேதி தப்பாக அச்சானது, தாய்மாமன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று திரும்பி வருவது பாதி. அதையெல்லாம் மடித்துப் பின்பக்கம் போட்டிருந்தான். அதிலிருந்து வண்டிக்கு அடிவயிறு மூடத் தேவையானதை வெட்டினோம். காரின் அடிப்பக்கம் குழாயும் கம்பியுமாகக் கிடக்கும், காற்று அதில் சிக்கிக்கொள்ளும். அதை ஒரே விரிப்பாக மூட வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தாய்மாமன் தரையைப் பார்த்தபடி அங்கே ஏறிக்கொண்டார். முதல் வேகத்தடையிலேயே அவருடைய மீசை கிழிந்துவிட்டது. இன்னொரு ஃபிளெக்ஸை மேல்வைத்துத் தைத்தோம்.

பின்பக்கம்தான் முக்கியம். காரின் முதுகு திடீரென்று வெட்டி நிற்பதால் அங்கே காற்று சுழலும். அலுமினியச் சட்டம் வளைத்து, ஃபிளெக்ஸ் போர்த்தி, இரண்டடி நீளத்தில் ஒரு வால் செய்தோம். கழற்றி மாட்டும்படியான வால். அவசரத்தில் துணியை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று பார்க்கவில்லை. மாட்டிய பிறகு பார்த்தால், பின்னால் வருகிறவர்களைப் பார்த்து இரண்டு பெரிய கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. கீழே "வருக வருக". ஊருக்குள் அந்த வாலோடு ஒருநாள் போனபோது ஒரு டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். மண்டபம் எங்கே என்று கேட்டார். விவரமாகச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதிலிருந்து ஊருக்குள் மாட்டுவதில்லை.

சக்கரங்களையும் மூட வேண்டும் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தான். பின்சக்கரங்களுக்குச் சரியான அளவில் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டுப் பரணில் கிடைத்தது. சீர் வைக்கும் எவர்சில்வர் தாம்பாளம் இரண்டு. அந்த வாரம் அவள் வந்தபோது, "தாம்பாளம் ரெண்டைக் காணோமே" என்றாள். பக்கத்து வீட்டில் விசேஷத்துக்கு வாங்கிப் போயிருக்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் காரிலிருந்து இறங்கியவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கி, அவள் பெயரை வெட்டிக் கொடுத்த தாம்பாளம். தன் பெயர் தலைகீழாக நிற்பதைக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, "கழட்டி நல்லா வெளக்கி, எடுத்த எடத்துல வைங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கி வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் அட்டையில் வட்டம் வெட்டிக்கொண்டோம்.

எல்லாம் செய்தாயிற்று, பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. காற்று எங்கே ஒட்டிப் போகிறது, எங்கே பிய்த்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள வண்டி முழுவதும் விரல் நீளத்துக்கு நூல் ஒட்டினேன். காயிலில் சுற்றிக் கட்டும் வெள்ளை நூல் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. நூல் படிந்து கிடந்தால் நல்லது, ஆடினால் அங்கே கோளாறு. நான் ஓட்ட, அவன் பைக்கில் பின்னால் வந்து வீடியோ எடுத்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் முந்திக்கொண்டான். "திருச்சிப் பக்கம்ணே. வீட்டுக்காரம்மா அங்கதான் இருக்கு."

"சேந்து வாழ வேண்டுதலாக்கும்" என்று அவர் சொல்லி, காசு வேண்டாம் என்றுவிட்டார். எங்களுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வற்புறுத்திக் கொடுத்தோம்.

கோளாறு எங்கே என்று நூல் காட்டியது. ஆனால் எத்தனை தூரம் கூடும் என்று அது சொல்லாது. அதற்கு ஒரு வழி யோசித்தேன். சமமான ரோட்டில் அறுபதில் போய், ஓர் அடையாளக் கல்லைத் தாண்டும்போது நியூட்ரலுக்கு மாற்றிவிட வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது. வண்டி தானாக உருண்டு எங்கே நிற்கிறதோ அங்கே கோலமாவால் கோடு போட வேண்டும். முதலில் ஒட்டுப்போட்டது எதுவுமில்லாமல், பிறகு எல்லாவற்றையும் மாட்டி. கல்லிலிருந்து கோடு வரை எட்டு வைத்து நடந்து எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். செலவில்லாத, ஏமாற்ற முடியாத சோதனை.

இடம் கொட்டாம்பட்டி. நாலுவழிச் சாலை போட்டபின் ஓரமாக ஆளில்லாமல் கிடக்கும் பழைய ரோடு அங்கே ஒன்று உண்டு. வடக்கும் தெற்குமாக நூல் பிடித்த மாதிரி போகும். பக்கத்திலேயே தோட்டம் வைத்திருப்பவர் எனக்கு வாடிக்கைக்காரர், வருடத்துக்கு ஒரு முறையாவது அவர் மோட்டார் என்னிடம் வந்துவிடும். அவர் வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், இரவு தங்கிக்கொள்ளலாம். நாள்தான் அமையவில்லை. புதனும் வியாழனும் அவள் வந்துவிடுகிறாள். மற்ற நாளில் நண்பனுக்குக் கடை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தாள். "காய்ச்சலா இருக்குங்க. ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். இந்த வாரம் என்னால பஸ்ல வர முடியாது."

"மாத்திரை போட்டியா?"

"நர்ஸு நானா நீங்களா?"

"அப்ப நல்லா ரெஸ்ட் எடு" என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்று இதை ஆரம்பிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்கு ஓய்வு என்று நினைத்தேன். ஆடியில் எவனும் விசேஷம் வைக்காததால் நண்பனும் சும்மாதான் இருந்தான்.

புதன்கிழமை மதியம் போய் இறங்கினோம். இங்கே நண்பனின் பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் சூலம் பார்க்காமல் ஒரு திசையில் காலை எடுத்து வைக்கமாட்டான். புதன் வடக்கே சூலம். அதனால் விளாங்குடியில் கிளம்பும்போதே பரிகாரத்துக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வந்திருந்தான். ஆனால் அந்தப் பால் கொட்டாம்பட்டி வந்து சேர்வதோடு சரி என்றும், சோதனை என்பது புதுக் காரியம், அதை வடக்கே பார்த்துத் தொடங்கக்கூடாது என்றும் சொன்னான்.

"தெக்கே பாத்து ஓட்டு மாப்ள. ரோடு என்ன, ரெண்டு பக்கமும் ஒரே ரோடுதானே."

ரோடு ஒரே ரோடுதான். நானும் சரி என்றேன். மதுரையைப் பார்த்து, ஒட்டுப்போட்டது எதுவுமில்லாமல் மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் திரும்பக் கல்லுக்கு வடக்கே வந்துதானே ஆகவேண்டும், அப்போது சூலம் குத்தாதா என்று கேட்டேன். திரும்பி வருவது கிளம்புவதில் சேராது என்றான். எட்டு வைத்து எண்ணியதில் முதல் தடவை எண்ணூற்று எண்பது, அடுத்தது எண்ணூற்று எழுபத்தாறு, மூன்றாவது எண்ணூற்று எண்பத்து மூன்று. இப்படி ஒன்றுபோல வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் முழுவதும் மோட்டார் ரூம் வாசலில் வாலையும் வயிற்றையும் வட்டங்களையும் மாட்டினோம். தோட்டக்காரர் அவரைக்காய்ப் பந்தல் போடுகிற கம்பியெல்லாம் கொண்டுவந்து கொடுத்து உதவினார். கும்பிடும் கைகளைப் பார்த்து அவரும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

வியாழன் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தோம். வியாழன் தெற்கே சூலம். ஆகவே வண்டியை வடக்கே, திருச்சியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினோம். தோப்பில் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்து, அழகாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

நியூட்ரலுக்கு மாற்றினேன். வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நேற்றைய கோலமாவுக் கோடு எத்தனை எட்டில் விழுந்ததோ அந்த இடமெல்லாம் தாண்டி, ஒரு வேப்பமரத்தைத் தாண்டி, இன்னும் போகிறது. உள்ளே சத்தமே இல்லை. ஒருவழியாக நின்றது. நண்பன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்து வந்தான். ஆயிரத்து இருநூற்றுப் பத்து. இன்னும் இரண்டு தடவை ஓட்டினோம். அதே கணக்குதான், பத்துப் பதினைந்து முன்பின்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். திருச்சி என்ன, தஞ்சாவூரே போகலாம் என்றான். நான் உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"ஓடிருச்சு" என்றேன்.

"யாரு?" குரல் கட்டியிருந்தது.

ஒன்றுவிடாமல் சொன்னேன். வால், வயிறு, கோலமாவு, எட்டுக் கணக்கு எல்லாம். அவள் நடுவில் இரண்டு தடவை இருமினாள். முடித்ததும் கேட்டாள்.

"நேத்து எந்தப் பக்கம் பாத்து ஓட்டுனீங்க?"

"மதுரைப் பக்கம்."

"இன்னைக்கு?"

"திருச்சிப் பக்கம். நேத்து வடக்கே சூலம்மா, அதான்."

இருமி முடித்தாள். பிறகு, "ஏங்க, ஆடி மாசம் மாடியில துணி காயப்போட்டா எந்தப் பக்கம் பறந்து போய் விழுது?" என்றாள்.

எங்கள் வீட்டு மாடித் துணி வருடாவருடம் வடகிழக்கு வீட்டு மாடியில்தான் போய் விழும். நான்தான் போய் எடுத்துவருவேன். தலையைத் தூக்கித் தென்னை மரங்களைப் பார்த்தேன். ஓலைகள் எல்லாம் திருச்சியைக் கை காட்டிக்கொண்டிருந்தன. நேற்று எதிர்க்காற்றில் ஓட்டியிருக்கிறேன், இன்று காற்றே என்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. முப்பது வருடம் காற்றை விற்றுப் பிழைத்தவன், ரோட்டில் காற்றடிப்பதை மறந்துவிட்டேன். புதன்கிழமை அந்தத் தோட்டத்தில் நண்பனுக்கு இன்னொரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றும் வடக்கே பார்த்தே ஓட்டியிருப்போம், சோதனை பிழைத்திருக்கும். இரண்டு கறவை மாடு அங்கேயேதான் நின்றது.

"அது கெடக்கட்டும்" என்றாள் அவள். "எனக்குக் காய்ச்சல்னு முந்தாநாள் சொன்னேன்ல?"

"சொன்ன."

"இப்ப நீங்க நிக்கிற எடத்துல இருந்து இங்க எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

"எண்பது இருக்கும்."

"நேத்தே அங்க வந்துட்டீங்க."

"ஆமா."

"சரி, வைக்கிறேன். தொண்டை வலிக்குது."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும். அவள் கோபப்படவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் வீட்டுக்குப் பாதி வழி வந்து ஒரு ராத்திரி படுத்துத் தூங்கி எழுந்து, அவள் இருக்கும் திசையைப் பார்த்து மூன்று தடவை வண்டி ஓட்டி, மூன்று தடவையும் திரும்பி வந்திருக்கிறேன். பதின்மூன்று மாதத்தில் அவள் என்னைப் பார்க்க ஐம்பது தடவையாவது வந்திருப்பாள். நான் போனது ஒரே தடவை, அதுவும் மூன்று தடவை சூடு பண்ணின குழம்புக்கு.

நண்பன் கோலமாவு டப்பாவோடு நின்றான். "இன்னொரு தடவை தெக்கே பாத்து ஓட்டிப் பாத்துருவமா மாப்ள?"

"நீ ஓட்டிப் பாரு. நான் போறேன்" என்று சாவியைக் கொடுத்தேன்.

"எங்க?"

"பஸ்சுக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கார் வேண்டாம் என்று என்னைப் பைக்கில் ஏற்றி மெயின் ரோட்டில் கொண்டுவந்து விட்டான். தோட்டக்காரரின் பைக் அது. நான் கையில் பைகூட இல்லாமல், சட்டையில் கிரீஸோடு கை காட்டினேன். இரண்டாவது பஸ் நின்றது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. துவரங்குறிச்சி தாண்டும்போது நண்பன் போன் செய்தான். எல்லாவற்றையும் மாட்டித் தெற்கே ஓட்டினால் எண்ணூற்றுத் தொண்ணூறாம். பத்து எட்டுதான் கூட. "வாலு வேலை செய்யுது மாப்ள" என்றான். தெற்கே சூலத்துக்குத் தலையில் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டுதான் ஓட்டினானாம், இப்போது அப்படியே வண்டியை ஊருக்கு எடுத்துப் போகிறானாம். நல்லது என்றேன். விராலிமலைப் பக்கம் அந்தப் பஞ்சர் கடையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஒன்றரை மணி நேரம்தான். வழியில் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவள் போர்வையோடு வந்து திறந்தாள். எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"காரு?"

"பஸ்ல வந்தேன்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ரசம் வைக்கட்டுமா என்று கேட்டேன். உங்கள் ரசத்துக்குக் காய்ச்சலே மேல் என்றாள். சிரித்தோம். அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஒரே அறை வீடு அது. முதல் தடவை நான் வந்தபோது வண்டியைச் சார்ஜ் போடுவதிலேயே நின்றுவிட்டதால் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்தேன்.

சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிறது என்று சொல்லக்கூடாது, மூன்று இறக்கையையும் தனித்தனியாக எண்ணலாம். ரெகுலேட்டர் முழு வேகத்தில்தான் இருந்தது. கண்டென்சர் போய்விட்டது, பார்த்ததுமே எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. என் கடை டிராயரில் அது கை நிறையக் கிடக்கிறது.

"எத்தனை நாளா இப்படிச் சுத்துது?"

"சித்திரையில இருந்து."

சித்திரை, வைகாசி, ஆனி. திருச்சி வெயிலில் மூன்று மாதம். "ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருக்கலாம்ல? என்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

"ஃபேன் கடைக்காரர் பொண்டாட்டி வேற ஆளைக் கூப்பிடலாமா? வந்தா பாப்பீங்கன்னு இருந்தேன்."